அளவுகோலை அளக்காத வழக்கம்

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர் சாலையின் இரு பக்கமும் பரந்து கிடக்கும் பீன்யா தொழிற்பேட்டை 1970களின் பிற்பகுதியில் உருவானது. அதற்கான விதை முன்பே போடப்பட்டிருந்தது. அடுத்திருக்கும் ஜாலஹள்ளியில் 1953இல் எச்எம்டி வந்துவிட்டது. மறு ஆண்டு பாரத் எலெக்ட்ரானிக்ஸ். நகரின் கிழக்கே எச்ஏஎல்லும் ஐடிஐயும் அதற்கும் மூத்தவை. இந்தப் பொதுத்துறை ஆலைகள் தங்களுக்கு வேண்டிய உதிரிபாகங்களில் ஒரு பகுதியை வெளியே கொடுத்துச் செய்து வாங்கின. ஜாப் ஒர்க் என்று தொழிலில் எல்லோரும் சொல்கிற அந்த வேலையை நம்பியே சிறு பட்டறைகள் பெருகின. வேலை வரும்போது மூன்று பொருள்கள் சேர்ந்து வந்தன: இரும்பு, டெலிவரி சலான், டிராயிங். இரும்பு வந்ததும் சோதிக்கப்பட்டது. சலானில் எழுதிய எண்ணிக்கையும் வண்டியில் இறங்கிய எண்ணிக்கையும் ஒத்துப்பார்க்கப்பட்டன. செய்து முடித்த பாகம் மைக்ரோமீட்டருக்கும் கேஜுக்கும் தப்பவில்லை. அந்த மைக்ரோமீட்டரே ஆண்டுக்கொரு முறை அளவுத்திருத்தத்துக்குப் போய் வந்தது. டிராயிங்கை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. அதன் வலது கீழ் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கையெழுத்துகள் இருந்தன. மற்ற எல்லாவற்றையும் எதைக்கொண்டு அளக்கிறோமோ அதையே அளக்க வேண்டும் என்ற எண்ணம் வருவதற்கு அங்கே வழியே இல்லை.

இந்த வழக்கம் அன்றைக்குச் சரியானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் காகிதம் கோப்பாக மாறியபோது அந்த வழக்கமும் கோப்போடு சேர்ந்து கணினிக்குள் போய்விட்டது. பட்டறையில் மட்டும் இது நடக்கவில்லை. படம், வரைபடம், ஒலி, ஆவணம் எதுவானாலும் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கும் மென்பொருளை எழுதியவர்களும் அதே நம்பிக்கையில்தான் எழுதினார்கள். இன்று திறந்த மூல மென்பொருள் தொகுப்புகளில் ஓயாமல் கண்டுபிடிக்கப்படும் நினைவகப் பிழைகளை எழுதியவரின் கவனக்குறைவு என்று முடித்துவிடுவது எளிது. அவற்றின் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கோப்பை அனுப்புகிறவர் மாறிவிட்டார். அதைப் படிக்கும் நிரல் மாறவில்லை. பீன்யாவின் கதையை இதற்குச் சான்றாக வைப்பதற்குக் காரணம், அனுப்புகிறவர் மாறியதை இத்தனை தெளிவாகக் காட்டும் தொழில்கள் அதிகம் இல்லை என்பதுதான்.

எந்திரத்தின் கைப்பிடியை மனிதர் திருப்பாமலே டிராயிங்கின் அளவுகளை அதற்குக் கொண்டுபோன தொடக்க கால வழி காகித நாடா. எண்கட்டுப்பாட்டு எந்திரங்களின் தொடக்க காலத்தில் நிரல் ஒரு அங்குல அகல நாடாவில் துளைகளாகவே வந்தது. நாடாவின் நீளவாக்கில் எட்டுத் தடங்கள். மூன்றாவது தடத்துக்கும் நான்காவதுக்கும் இடையில் நாடாவை இழுக்கும் பல்சக்கரத்துக்கான சிறு துளைகள். ஒரு அங்குலத்துக்குப் பத்து வரிசை, வரிசைக்கு ஒரு எழுத்து. எட்டுத் தடங்களில் ஒன்று சரிபார்ப்புக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஈஐஏ என்ற குறியீட்டு முறையில் ஐந்தாவது தடம். ஒவ்வொரு வரிசையிலும் மொத்தத் துளைகள் ஒற்றைப்படையாக வரும்படி அது துளைக்கப்படும். ஐஎஸ்ஓ முறையில் எட்டாவது தடம், அங்கே இரட்டைப்படை. கணக்கு இடித்தால் எந்திரம் நின்றுவிடும். போதாக்குறைக்கு ஃபானுக் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் டிவி செக் என்று இன்னொரு சோதனை இருந்தது. ஒரு நிரல் வரியில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கிறதா என்று அது பார்க்கும். நாடா போய்ப் பல காலம் ஆன பிறகும் அந்தச் சோதனைக்கான தேர்வு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் தங்கிவிட்டது.

இந்தச் சோதனைகள் எதற்கு எதிரானவை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எண்ணெய்க் கறை படிந்து மூடிய துளை, கிழிந்த ஓரம், துளைக்கும் கருவியின் தவறு: எதிரி இவ்வளவுதான். வேண்டுமென்றே தப்பான நாடாவைத் துளைத்து அனுப்பும் ஒருவரை அந்த அமைப்பு கற்பனை செய்யவே இல்லை. அப்படியொருவர் இருந்திருந்தால் ஐந்தாவது தடத்தையும் சேர்த்தே சரியாகத் துளைத்திருப்பார், சோதனை அவரை வணங்கி உள்ளே விட்டிருக்கும். பின்னால் 1996இல் பிஎன்ஜி என்ற பட வடிவம் வந்தபோதும் இதே சிந்தனைதான் தொடர்ந்தது. பிஎன்ஜி கோப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. வழியில் ஒரு பிட் புரண்டாலும் அது காட்டிக்கொடுக்கும். 2004இல் அந்த வடிவத்தைப் படிக்கும் லிப்பிஎன்ஜி தொகுப்பில் நினைவகப் பிழைகள் வெளியானபோது அந்த எண்ணால் எந்தப் பயனும் இல்லை. தீய நோக்கோடு கோப்பைச் செய்கிறவர் சரிபார்ப்பு எண்ணையும் தானே கணக்கிட்டு எழுதிவிடுவார்.

டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பு வடிவம் 1982 டிசம்பரில் ஆட்டோகேடின் முதல் பதிப்போடு வந்தது. இன்றும் லேசர் வெட்டு, வயர் கட், ஷீட் மெட்டல் வேலைக்கு வரும் வரைபடங்களில் இது தவிர்க்க முடியாத ஒன்று. சாதாரண எழுத்துக்கோப்பு, நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். எல்லாம் இரண்டிரண்டு வரிகளாக இருக்கும். முதல் வரி ஒரு குறியெண், அடுத்த வரி அதற்கான மதிப்பு. பல முனைகள் கொண்ட கோட்டுருவத்துக்கு 1997இல் ஆட்டோகேட் 14ஆம் பதிப்பில் சேர்ந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரியில் 90 என்று இருக்கும், அடுத்த வரியில் 4 என்று இருக்கும். இந்தக் கோட்டுக்கு நான்கு முனைகள் என்று பொருள். பிறகு 10 என்ற குறியெண்ணின் கீழ் குறுக்கு அளவும் 20இன் கீழ் நெடுக்கு அளவும் முனைக்கொரு தடவை வரும். கோப்பு தன்னைப் பற்றித் தானே ஒரு அறிவிப்புக் கொடுத்துவிட்டு அதன் பிறகு சரக்கை இறக்குகிறது. படிக்கும் நிரல் அந்த 4ஐ நம்பி நான்கு முனைக்கான இடத்தை நினைவகத்தில் ஒதுக்கிவிட்டு, கீழே வருவனவற்றை அதில் வரிசையாக இட்டுச்செல்லலாம். அறிவிப்பும் சரக்கும் ஒத்துப்போகும் வரை தொல்லை இல்லை. ஒத்துப்போகாதபோது என்ன ஆகும் என்பது நிரலை எழுதியவர் எதைச் சோதித்தார் என்பதைப் பொறுத்தது. ஏனென்றால் இந்தத் தொகுப்புகளில் பெரும்பாலானவை எழுதப்பட்ட சி, சி++ மொழிகளில் ஒதுக்கிய இடத்தின் எல்லையை மொழி தானாகக் காவல் காக்காது. எல்லை தாண்டி எழுதினால் பக்கத்தில் இருப்பது அழிந்து அதன்மேல் புதியது ஏறும். பக்கத்தில் இருப்பது நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லும் முகவரியாகவும் இருக்கலாம். அதை அறிந்து கோப்பைச் செய்கிறவர், திறந்த கணினியைத் தன் கட்டளைக்கு ஆட வைக்கிறார்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ரிப்பன்சாஃப்ட் நிறுவனத்தின் திறந்த மூலத் தொகுப்பான டிஎக்ஸ்எஃப்லிப்பின் 3.17.0 பதிப்பில், மேலே சொன்ன அதே கோட்டுருவத்தின் முனைகளைக் கையாளும் பகுதியில், ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுத வைக்கும் பிழை இருப்பதை 2021இல் சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக்குழு வெளியிட்டது. அதே ஆண்டு லிப்ரேகேட் என்ற வரைபட மென்பொருள் பயன்படுத்தும் லிப்டிஎக்ஸ்எஃப்ஆர்டபிள்யூ தொகுப்பில் மூன்று பிழைகள். மின்சுற்றுப் பலகை செய்கிறவர்கள் பயன்படுத்தும் கெர்ப்வி என்ற திறந்த மூலப் பார்வை மென்பொருளிலும் வரிசையாகப் பல. அதில் ஒன்று டி எண் சம்பந்தப்பட்டது. துளையிடும் கோப்பில் டி01, டி02 என்று வருவது எந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்ற கட்டளை. சிஎன்சி எந்திரம் பழகிய யாருக்கும் இது அரிச்சுவடி. எந்திரத்தில் இல்லாத எண்ணைக் கொடுத்தால் எந்திரம் அலாரம் அடித்து நின்றுவிடும். கெர்ப்வியின் 2.7.0 பதிப்பில் பொருந்தாத டி எண்ணைக் கொடுத்தால் கருவிப் பட்டியலுக்கு வெளியே, வேறெங்கோ எழுதியது.

இவ்வளவு பழைய ஓட்டை 2021 வரை ஏன் காத்திருந்தது? ஓட்டையைப் பற்றிய அறிவு புதிதல்ல. எல்லை தாண்டி எழுதி ஒரு கணினியைக் கைப்பற்றலாம் என்று அமெரிக்க விமானப்படைக்காக எழுதப்பட்ட ஆண்டர்சன் அறிக்கை 1972லேயே சொல்லிவிட்டது. 1988இல் மாரிஸ் புழு இணையத்தின் கணிசமான பகுதியை முடக்கிச் செய்தும் காட்டியது. எல்லையைத் தானே காக்கும் மொழிகளும் இருந்தன. ஆல்கால் 60 மொழிக்கு எலியட் நிறுவனத்தில் நிரல்பெயர்ப்பி எழுதிய டோனி ஹோர், வரிசை எல்லைச் சோதனையை நிறுத்திவைக்கும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களைக் கேட்டபோது அவர்கள் ஒருமனதாக வேண்டாம் என்றதை 1980இல் டூரிங் விருது உரையில் நினைவுகூர்ந்தார். ஆகவே டிஎக்ஸ்எஃப் பிறந்தபோது நோயும் தெரியும், மருந்தும் கடையில் இருந்தது. வாங்காததற்கு ஒரு காரணம் அன்றைய தனிக்கணினிகளின் ஏழ்மை. சில பத்துக் கிலோபைட் நினைவகத்தில் ஒவ்வொரு எண்ணையும் சோதித்துக்கொண்டிருக்க முடியவில்லை. வலுவான இன்னொரு காரணம், கோப்பு யாரிடமிருந்து வருகிறது என்பது தெரிந்திருந்ததுதான். ஃப்ளாப்பி வட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவர் நேற்றும் வந்தவர், நாளையும் வரப்போகிறவர். அவரைச் சந்தேகிக்கும் சோதனையை எழுதுவது வீண் வேலையாகவே தோன்றியிருக்கும்.

பீன்யாவில் அந்த ஆள் 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு மெல்ல மறைந்தார். பொதுத்துறை ஆலைகளின் வேலை குறைந்தது. எச்எம்டியின் சரிவு ஊரறிந்தது. பட்டறைகள் வாகனத் தொழிலுக்கும் ஏற்றுமதிக்கும் திரும்பின. விலை கேட்டு வரும் கடிதம் மின்னஞ்சலானது, அதன் இணைப்பாக டிராயிங் வந்தது. அனுப்புகிறவர் கடல் கடந்த ஊரில், பார்த்திராத ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தார். அல்லது அப்படி இருப்பதாகச் சொன்னார். விலை சொல்ல வேண்டுமானால் கோப்பைத் திறந்தாக வேண்டும். முன்பு உறவு முதலில் வந்தது, டிராயிங் பிறகு வந்தது. இப்போது டிராயிங் முதலில் வருகிறது. உறவு வந்தால் உண்டு. கோப்பைப் படிக்கும் நிரலோ பழைய ஒழுங்கின் மரியாதையை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. உலகம் முழுவதும் நடந்ததும் இதுவே, கொஞ்சம் முன்னதாக. 2002இல் ஸெட்லிப் என்ற தரவுச் சுருக்கத் தொகுப்பில் ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கும் பிழை வெளியானது. 2007இல் ஐபோனின் பூட்டை உடைக்க லிப்டிஃப் என்ற படத் தொகுப்பின் பிழை உதவியது. இப்படி ஒவ்வொரு தொகுப்பும் தன்னை எழுதியபோது யாரும் நினைத்திராத ஒரு அனுப்புநரைச் சந்தித்த நாளில்தான் செய்தியானது.

ஒரு சிறு பட்டறையின் கணினியை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே சொன்ன வரைபடத் தொகுப்புகளின் பிழைகளை வைத்துப் பட்டறை எதையும் தாக்கியதாக அறியப்பட்ட நிகழ்வைக் காட்ட முடியாது, காட்டவும் தேவையில்லை. டிராயிங்குக்கு விலை உண்டு என்பது 2012இலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்த மெட்ரி என்ற புழு, பெரு நாட்டில் ஆட்டோகேட் உள்ள கணினிகளில் பரவி, பல்லாயிரம் வரைபடங்களைச் சீனாவிலிருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு அனுப்பியது. அது நினைவகப் பிழையைப் பயன்படுத்தவில்லை; ஆட்டோகேடின் சொந்த நிரல்மொழியையே பயன்படுத்தியது. ஆனால் கோப்பைத் திறப்பதே தாக்குதலின் வாசல் என்பதும், வரைபடமே கொள்ளைப் பொருள் என்பதும் அதில் விளங்கிவிட்டன. தவிர, தொகுப்புகள் தொழிலுக்குத் தொழில் வேறானவை அல்ல. ஸெட்லிப்பும் லிப்பிஎன்ஜியும் பட்டறைக் கணினியிலும் இருக்கின்றன, மருத்துவமனைக் கணினியிலும் இருக்கின்றன, கைபேசியிலும் இருக்கின்றன.

பொதுவான தொகுப்பின் பிழை வழியாகத் தாக்க முடியும் என்பதற்கு இந்தியாவில் மறுக்க முடியாத சான்று 2023இல் வந்தது, அதிலும் ஒரு விசித்திரமான தேதிப் பொருத்தத்தோடு. அந்த ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை வழிநடத்திய இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் பீன்யாவில்தான் இருக்கிறது. அதே நாளில், ஓசிசிஆர்பி என்ற புலனாய்வு இதழியல் அமைப்பின் தெற்காசிய ஆசிரியர் ஆனந்த் மங்க்னாலேயின் ஐபோனுக்கு, அவர் எதையும் தொடாமலேயே பெகாசஸ் உளவு மென்பொருளை இறக்க முயலும் தாக்குதல் அனுப்பப்பட்டதை ஆம்னஸ்டி அமைப்பு டிசம்பரில் வெளியிட்டது. அது பிளாஸ்ட்பாஸ் என்று பெயரிடப்பட்ட தாக்குதலோடு பொருந்துவதாகவும் சொன்னது. அதைச் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்குழு கண்டறிந்து சொன்னதும் செப்டம்பர் 7ஆம் தேதி ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. நான்கு நாள் கழித்து கூகுள் தன் குரோம் உலாவியைத் திருத்தியது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது ஆய்வாளர்களின் முடிவு: லிப்வெப்பி என்ற திறந்த மூலப் படத் தொகுப்பு. சுருக்கிய படத்தை விரிக்கத் தேவையான அட்டவணைகளின் அளவைக் கோப்பே தீர்மானிக்கிறது. நிரலோ அதிகபட்சம் இவ்வளவுதான் வரும் என்று முன்கூட்டிக் கணக்கிட்ட இடத்தை மட்டுமே ஒதுக்கியிருந்தது. கோணலாகச் செய்த கோப்பு அந்தக் கணக்கை மிஞ்சியது. டிஎக்ஸ்எஃப்பில் 90க்குக் கீழே எழுதிய எண்ணிலிருந்து இது வெகுதூரம் போய்விடவில்லை.

மூலம் திறந்திருப்பதால்தானே இந்த வம்பு என்பது அடுத்த மறுப்பு. இது கேட்க நன்றாக இருக்கிறது, சான்று எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஓபன் டிசைன் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் வரைபடத் தொகுப்பின் மூலம் எல்லோருக்கும் திறந்ததல்ல. 2021இல் அதன் டிஎக்ஸ்எஃப் படிக்கும் பகுதியிலும் எல்லை தாண்டி எழுதும் பிழை வந்தது. அதைப் பயன்படுத்திய சீமென்ஸின் பார்வை மென்பொருள்களும் சேர்ந்து திருத்தப்பட்டன. இதே ஆண்டு அம்பலமான ஃபோர்ஸ்டுஎன்ட்ரி தாக்குதல் ஆப்பிளின் மூடிய மென்பொருளுக்குள் நடந்தது. ஆனால் அங்கே உடைந்த ஜேபிக் 2 என்ற தொலைநகல் காலத்துப் பட வடிவத்தைப் படிக்கும் பகுதி, எக்ஸ்பிடிஎஃப் என்ற திறந்த மூல மென்பொருளிலிருந்து எடுத்தது. திறந்தது மூடியதுக்குள் போகிறது, மூடியது மற்றவற்றுக்குள் போகிறது. திறந்திருப்பதன் பயன், பிழையை வெளியாள் ஒருவர் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் காட்ட முடிகிறது என்பது. ஆனால் திறந்திருப்பதாலேயே யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது. கூகுளின் ஓஎஸ்எஸ்-ஃபஸ் திட்டம் 2016 முதல் தாறுமாறான கோப்புகளைக் கோடிக்கணக்கில் ஊட்டி இத்தகைய தொகுப்புகளைச் சோதித்துவருகிறது, ஆயிரக்கணக்கான பிழைகளைப் பிடித்தும் இருக்கிறது. லிப்வெப்பி அந்தச் சோதனையில் இருந்த தொகுப்புதான். அந்தக் குறிப்பிட்ட கோணலை ஊட்ட அதற்கு வாய்க்கவில்லை.

மூன்றாவது மறுப்பு பலமானது. சி மொழியை விட்டொழித்தால் போதும், அனுப்புநர் யாராக இருந்தால் என்ன என்கிறது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தான் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகள் என்று சொன்னது. புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற, எல்லையைத் தானே காக்கும் மொழிகளில் எழுதத் தொடங்கியதும் ஆண்ட்ராய்டில் இந்தப் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்தது 2024இல் 24 ஆகக் குறைந்தது. இதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை. பழைய சி நிரலைத் தொடாமல் சில்லிலேயே காவல் வைக்கும் முயற்சியும் நடக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிக் குடும்பத்தில் 2019இல் முன்வைக்கப்பட்ட சக்தி-எம்எஸ் அந்த நோக்கத்தில் செய்யப்பட்டது. ஆனால் கூகுளிடம் ஆளும் பணமும் இருக்கின்றன. டிஎக்ஸ்எஃப் படிக்கும் தொகுப்பைத் திரும்ப எழுத யாரிடம் இருக்கின்றன? எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்க உலகமே சார்ந்திருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2இன் அன்றைய பராமரிப்பாளர், பாதுகாப்புப் பிழைகளுக்குத் தனிச்சலுகை இனி இல்லை, அவையும் மற்றப் பிழைகளைப் போலவே நேரம் கிடைக்கும்போது திருத்தப்படும் என்று 2025இல் அறிவித்துவிட்டார். சம்பளமில்லாத வேலைக்குக் கெடு வைப்பவர்களுக்கு அவர் வேறென்ன சொல்ல முடியும் என்று புரியவில்லை. அதே ஆண்டு காணொளிகளைப் படிக்கும் திறந்த மூலத் தொகுப்பான எஃப்எஃப்எம்பெக்கின் குழுவுக்கும் கூகுளுக்கும் நடந்த உரசலின் ஒரு பொருள், 1995இல் வந்த ஒரு விளையாட்டின் காணொளியைப் படிக்கும் பகுதியில் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்த பிழை. முப்பது ஆண்டுக்கு முந்தைய விளையாட்டின் கோப்பை இன்று அனுப்பப் போகிறவர் ரசிகரா திருடரா என்பது எழுதியவருக்குத் தெரியாது. திருத்தும் வேலை மட்டும் அவர் தலையில் விழுகிறது. பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024இல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் என்ற கணக்கில் திறந்த மூலத் திட்டங்களுக்கான நிதி ஒன்றைத் தொடங்கியது நல்ல செய்தி. தேவையோடு வைத்துப் பார்த்தால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பீன்யாவில் வாங்கிய உருக்குத் தண்டின் மேல் ஹீட் நம்பர் அடித்திருக்கும். எந்த உலையில் எப்போது உருகியது, கலவை என்ன என்று அதை வைத்துச் சோதனைச் சான்றிதழில் தேடிவிடலாம். மென்பொருளுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும், எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், அத்தியாவசியச் சேவைகள், மென்பொருள் ஏற்றுமதி செய்வோர் ஆகியோரை நோக்கி எழுதப்பட்டது அது. லேத்துக்குப் பக்கத்தில் தூசி படிந்து நிற்கும், பென் டிரைவ் செருகிச் செருகித் தளர்ந்த கணினி அந்தப் பட்டியலில் நேராக வராது. சுற்றிவளைத்து வரக்கூடும். ஐஎஸ்ஓ 9001ஐயும் விமானத் துறைக்கான ஏஎஸ் 9100ஐயும் சிறு பட்டறைகள் ஆசைப்பட்டுத் தேடிக்கொள்ளவில்லை. வேலை கொடுப்பவரின் நிபந்தனையாகத்தான் அவை உள்ளே வந்தன. எச்ஏஎல்லுக்கும் பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்கும் இஸ்ரோவுக்கும் பாகம் செய்து தரும் பட்டறைகள் பீன்யாவில் இன்றும் இருக்கின்றன. டிராயிங்கைத் திறக்கும் மென்பொருளில் என்ன இருக்கிறது என்ற கேள்வி, டாலோஸின் அறிக்கையைப் படித்து அங்கே யாருக்கும் எழப்போவதில்லை. ஏதோ ஒரு பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்க நிபந்தனைகளில் ஒரு வரியாக அது வரும். சோதனைச் சான்றிதழைப் போலவே அதையும் வாங்கிக் கோப்பில் சேர்ப்பார்கள்.